மெர்ரி கிறிஸ்துமஸா, ஹேப்பி ஹாலிடேஸா? இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கு



இந்த இதழில் ஒரு சின்ன பாடம். பாடம்னதும் அடுத்த பக்கம் போயிடாதீங்க, இதில் எக்ஸாம் கிடையாது.

டிசம்பர் மாசம் ஒரு பெரிய அமெரிக்கக் கடையின் விளம்பரத்தை எடுத்துக்கோங்க. படம், விலை, தள்ளுபடி எல்லாத்துக்கும் மேலே ஒரு வாழ்த்து இருக்கும். சில கடை 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று போடும், சில கடை 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று போடும். நமக்கு இரண்டும் ஒண்ணுதான். ஆனால் அமெரிக்காவில் இந்த இரண்டு சொல்லுக்காகக் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி இயக்கமே நடந்திருக்கு, கம்பெனிகள் ஒரே வருஷத்தில் நிலைப்பாட்டை மாத்தியிருக்கு, அரசியல் மேடையில் வாக்குறுதியாகக்கூட வந்திருக்கு.

இது நமக்கு எதுக்கு என்று கேட்டால், காரணம் இருக்கு. வால்மார்ட், டார்கெட், லோவ்ஸ் மூணுமே பெங்களூரில் பெரிய டெக்னாலஜி அலுவலகம் வச்சிருக்காங்க. வால்மார்ட்டுக்குச் சென்னையிலும் இருக்கு. நம்ம சீனியர்கள் பலர் இந்த மாதிரி இடங்களில்தான் உட்கார்ந்திருக்காங்க, அடுத்த வருஷம் நம்மில் சிலரும் உட்காரலாம். அந்த வாழ்த்து கடைசியில் யாரோ ஒருத்தர் கோடில் ஒரு ஸ்ட்ரிங்காகத்தான் இருக்கும். ஸ்ட்ரிங்கை மாத்த ஒரு நிமிஷம் போதும். எதை எழுதுறது என்ற முடிவுக்குப் பின்னால் இருக்கிற கணக்குதான் இன்றைய பாடம்.

முதலில் சீசனைப் புரிஞ்சுக்கலாம்

அமெரிக்கச் சில்லறை வணிகர்களின் தேசியக் கூட்டமைப்பு, நவம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை உள்ள இரண்டு மாதங்களை 'ஹாலிடே சீசன்' என்று கணக்கிடுகிறது. வருஷம் முழுக்க நடக்கும் சில்லறை விற்பனையில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு மாதத்தில் வருகிறது. பொம்மை, நகை மாதிரி பரிசுப் பொருள் விற்கும் கடைகளுக்கு இன்னும் அதிகம்.

இந்த சீசனுக்காக நாட்காட்டியையே நகர்த்தின கதையும் உண்டு. 1939இல் நவம்பரில் ஐந்து வியாழக்கிழமை வந்தது. நன்றி கூறும் நாள் (தேங்க்ஸ்கிவிங்) வழக்கப்படி கடைசி வியாழன், அதாவது நவம்பர் 30. அதுக்குப் பிறகுதான் கிறிஸ்துமஸ் ஷாப்பிங் சூடு பிடிக்கும் என்பதால் நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட்டாங்க. அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை ஒரு வாரம் முன்னாடி, நவம்பர் 23க்குக் கொண்டு வந்தார். சில மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன, சில மாநிலங்கள் பழைய தேதியிலேயே கொண்டாடின. அந்தக் குழப்பம் 1941இல்தான் தீர்ந்தது, 'நவம்பரின் நான்காவது வியாழன்' என்று சட்டம் போட்டாங்க.

இந்த இரண்டு மாசத்துக்குள் நன்றி கூறும் நாள், யூதர்களின் ஹனுக்கா, கிறிஸ்துமஸ், 1966இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்காக உருவான குவான்சா, புத்தாண்டு எல்லாம் வரும். ஹனுக்கா எட்டு நாள், அதன் தேதி வருஷா வருஷம் மாறும். 2013இல் அது நன்றி கூறும் நாளோடு சேர்ந்து வந்தது, 2024இல் டிசம்பர் 25 இரவு தொடங்கியது. இவ்வளவுக்கும் ஒரே பேனர் அடிக்கணும்னா, எல்லாத்தையும் மூடுற மாதிரி ஒரு குடைச் சொல் வேணும். அந்தக் குடைதான் 'ஹாலிடேஸ்'.

இதைத் தமிழில் 'விடுமுறை வாழ்த்துகள்' என்று மொழிபெயர்த்தால் சுவையே போயிடும், ஸ்கூல் லீவு விட்ட மாதிரி இருக்கும். ஹாலிடே என்ற சொல்லே 'புனித நாள்' என்பதிலிருந்து வந்தது. நம்ம ஊர்ச் சொல்லில் 'பண்டிகைக் காலம்' என்பதுதான் இதுக்குச் சரியான ஜோடி. நம்ம துணிக்கடைகள் 'பண்டிகைக் கால தள்ளுபடி' என்று போடும்போது அதில் ஆயுத பூஜையும் வரும், தீபாவளியும் வரும், கிறிஸ்துமஸும் வரும், சில கடையில் பொங்கல்கூட வந்துடும். யாரும் அதுக்குக் கோபப்படுறதில்லை.

'ஹேப்பி ஹாலிடேஸ்' நேத்து முளைச்ச சொல்லும் இல்லை. 1942இல் வந்த 'ஹாலிடே இன்' படத்துக்கு இர்விங் பெர்லின் 'ஹேப்பி ஹாலிடே' என்று ஒரு பாட்டு எழுதினார். அதே படத்தில்தான் அவருடைய 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டும் வருது. எழுதினவர் ஒரு யூதர். இரண்டு வாழ்த்தும் ஒரே படத்தில், ஒரே ஆள் கையிலிருந்து, சண்டை இல்லாமல் வந்திருக்கு.

அப்புறம் சண்டை எங்கே?

இரண்டு பக்க வாதத்தையும் நியாயமாகக் கேட்போம்.

ஒரு பக்கம் சொல்வது: "நாட்டில் பெரும்பாலானவர்கள் கொண்டாடுவது கிறிஸ்துமஸ். நீங்க விற்பது கிறிஸ்துமஸ் மரம், கிறிஸ்துமஸ் பரிசு. எங்க பணம் வேணும், எங்க பண்டிகை பேர் மட்டும் வாயில் வராதா?" இதில் நியாயம் இல்லைனு தள்ளிட முடியாது. பியூ ஆய்வு மையத்தின் 2017 கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 90 சதவீதம் பேர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதாகச் சொன்னாங்க.

இன்னொரு பக்கம் சொல்வது: "நான் யூதர், நான் முஸ்லிம், நான் இந்து, நான் எந்த மதமும் இல்லாதவர். கடைக்குள் வந்த உடனே என்னையும் கிறிஸ்தவர் என்று முடிவு பண்ணிப் பேசினால், நான் இங்கே விருந்தாளி மாதிரி ஆயிடறேன்." இதுவும் நியாயம்தான். அதே கணிப்பில் கிறிஸ்துமஸை மதப் பண்டிகையாகக் கொண்டாடுவதாகச் சொன்னவர்கள் 55 சதவீதம் மட்டுமே. பலருக்கு அது குடும்பம் கூடுற நாள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சட்ட விஷயம். அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், அரசு ஒரு மதத்தை நிறுவக்கூடாது என்கிறது. அது அரசைக் கட்டுப்படுத்தும், தனியார் கடையைக் கட்டுப்படுத்தாது. கடை என்ன வாழ்த்து வேணும்னாலும் போடலாம். அரசு உள்ளே வந்தால்தான் வழக்கு. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாட்டக்கெட் நகரில், நகராட்சி அங்குள்ள கடைக்காரர்கள் சங்கத்தோடு சேர்ந்து கடைத்தெருப் பூங்காவில் வருஷா வருஷம் அலங்காரம் வைக்கும். சாண்டா வீடு, கலைமான், மரம், 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்' என்ற பேனர், கூடவே இயேசு பிறந்த குடில். குடில் வைக்கலாமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் 'வைக்கலாம்' என்று தீர்ப்பு வந்தது. நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் முடிவு பண்ண முடிஞ்சது என்றால், விளம்பரப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் பாவம்தானே!

2004க்குப் பிறகு நடந்தது

கடைகள் கிறிஸ்துமஸை மறைக்குது என்ற குற்றச்சாட்டு ரொம்பப் பழசு. 1959இலேயே ஜான் பிர்ச் சொசைட்டி என்ற வலதுசாரி அமைப்பு இதுபற்றித் துண்டுப் பிரசுரம் வெளியிட்டது. ஆனால் பெரிய அலையாக எழுந்தது 2004, 2005 வாக்கில். ஃபாக்ஸ் நியூஸ் தொகுப்பாளர்கள் இதை 'கிறிஸ்துமஸ் மீதான போர்' என்று தொடர்ந்து பேசினார்கள். 2005இல் அதே தலைப்பில் புத்தகமும் வந்தது.

அந்த வருஷம் அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு டார்கெட் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி இயக்கம் நடத்தியது. டிசம்பரிலேயே டார்கெட், தன் விளம்பரங்களில் கிறிஸ்துமஸ் பெயரைச் சேர்ப்பதாக அறிவிச்சது. புறக்கணிப்பும் நின்றது. அதே 2005இல் 'ஹேப்பி ஹாலிடேஸ்' பக்கம் நின்ற வால்மார்ட், கத்தோலிக்க அமைப்பு ஒன்றின் எதிர்ப்பைச் சந்தித்தது. அடுத்த வருஷம், 2006 நவம்பரில், இனி 'மெர்ரி கிறிஸ்துமஸ்'தான் என்று மாறியது.

2007இல் லோவ்ஸ் தன் கேட்லாக்கில் கிறிஸ்துமஸ் மரத்தை 'ஃபேமிலி ட்ரீ' என்று போட்டு, எதிர்ப்பு வந்ததும் வருத்தம் தெரிவிச்சது. 2009இல் கேப் துணிக்கடை ஒரே விளம்பரத்தில் கிறிஸ்துமஸ், ஹனுக்கா, குவான்சா, குளிர்காலச் சூரியத் திருப்ப நாள் எல்லாத்தையும் கூப்பிட்டுப் பார்த்தது. எல்லாரையும் கூப்பிட்டதற்கே எதிர்ப்பு வந்தது. அதே 2009இல் நன்றி கூறும் நாளுக்கு மறுநாளே பக்ரீத். பெஸ்ட் பை தன் விளம்பரத் தாளின் கீழே சின்னதாக ஒரு பக்ரீத் வாழ்த்து போட்டது. அதுக்கும் கோபம். ஆனால் அந்தக் கம்பெனி பின்வாங்கலை.

2015இல் ஸ்டார்பக்ஸ், பனிப்பூ, கலைமான் மாதிரி படங்களை எடுத்துட்டு வெறும் சிவப்புக் கப் கொண்டு வந்தது. "கிறிஸ்துமஸை எடுத்துட்டாங்க" என்று ஒரு வீடியோ பரவியது. அப்போது அதிபர் வேட்பாளராக இருந்த டொனால்ட் டிரம்ப், ஸ்டார்பக்ஸைப் புறக்கணிக்கலாமோ என்று மேடையில் பேசினார். தான் வந்தால் எல்லாரும் மறுபடி 'மெர்ரி கிறிஸ்துமஸ்' சொல்வோம் என்றார். இத்தனைக்கும் அதே கடையில் அதே நேரம் 'கிறிஸ்துமஸ் பிளெண்ட்' என்று பேர் போட்ட காபிப்பொடி அலமாரியில் இருந்தது!

இப்போ கணக்கு

நம்ம பாஷையில் சொன்னால் இது நிச்சயமில்லாத சூழலில் முடிவெடுக்கும் ஒரு பிரச்சினை. டேட்டா இருக்கு, பாருங்க. டிசம்பரில் கடைகள் எப்படி வாழ்த்தணும் என்று பியூ ஆய்வு மையம் கேட்டதற்குக் கிடைத்த பதில்:

2012இல்: மெர்ரி கிறிஸ்துமஸ் 42 சதவீதம், ஹேப்பி ஹாலிடேஸ் மாதிரி வாழ்த்து 12 சதவீதம், எதுவானாலும் சரி 46 சதவீதம்.

2017இல்: மெர்ரி கிறிஸ்துமஸ் 32, ஹேப்பி ஹாலிடேஸ் 15, எதுவானாலும் சரி 52.

2017 கணக்குப்படி உங்க கடைக்கு ஆயிரம் பேர் வர்றாங்க என்று வச்சுக்கோங்க. 'ஹேப்பி ஹாலிடேஸ்' போட்டால் 320 பேருக்கு அது முதல் விருப்பம் இல்லை. 'மெர்ரி கிறிஸ்துமஸ்' போட்டால் 150 பேருக்கு அது முதல் விருப்பம் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் விடை ரெடி. ஆனால் இங்கேதான் நிறைய பேர் வழுக்குறாங்க. விருப்பம் வேற, கோபம் வேற. 'எனக்கு இது பிடிக்கும்' என்று டிக் அடிச்சவர் எல்லாரும், அது இல்லைன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவார் என்று அர்த்தம் இல்லை. கம்பெனி பார்க்க வேண்டியது எத்தனை பேர் என்பதை மட்டும் இல்லை, ஒவ்வொரு தவறுக்கும் எவ்வளவு விலை என்பதையும்தான்.

அந்த விலை இரண்டு பக்கமும் சமமாக இல்லை. ஒரு பக்கத்தில் அமைப்பு இருக்கு, கையெழுத்து இயக்கம் இருக்கு, டிவி நேரம் இருக்கு. மேலே சொன்ன அமைப்பு 'நாட்டி ஆர் நைஸ்' என்று வருஷா வருஷம் கடைகளைத் தரம் பிரிச்சுப் பட்டியலே போடுது. மறுபக்கத்தில் இருப்பவர் மனசுக்குள் ஒரு சின்ன உறுத்தலோட பில் போட்டுட்டுப் போயிடுவார். அவர் சுருங்கிப் போனது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. நடுவில் இருக்கிற 52 சதவீதத்துக்குச் சங்கமும் இல்லை, பட்டியலும் இல்லை.

இன்னொரு விஷயம் கடிகாரம். புறக்கணிப்பு அழைப்பு நவம்பரில் வரும். விற்பனை உண்மையிலேயே குறையுதா என்று டேட்டா பார்த்து முடிவெடுக்க ஜனவரி ஆகும். அதுக்குள் வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு வியாபாரம் முடிஞ்சிருக்கும். அதனால் அளந்து பார்த்து முடிவெடுக்க நேரம் இல்லாத கம்பெனி, பயந்து முடிவெடுக்கும். 2005இல் டார்கெட் ஏன் டிசம்பரிலேயே மாறியது என்பதை நான் இப்படித்தான் புரிஞ்சுக்கறேன்.

ஆக, ஒரு கடையின் வாழ்த்தைப் பார்த்து "இந்தக் கம்பெனி நம்ம பக்கம்" என்றோ "நமக்கு எதிரி" என்றோ முடிவு பண்ணாதீங்க. அது பெரும்பாலும் யாருடைய குரல் சத்தமாகக் கேட்டது என்பதன் அளவீடு. நம்பிக்கையின் அளவீடு இல்லை.

இது அமெரிக்காவோட முடிஞ்சுபோகலை. 2021 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னாடி ஃபேப்இந்தியா ஒரு துணி வரிசைக்கு 'ஜஷ்ன்-ஏ-ரிவாஸ்' என்று உருது பேர் வச்சது. மரபின் கொண்டாட்டம் என்று அர்த்தம். தீபாவளியை வேற மாதிரி மாத்துறாங்க என்று சமூக ஊடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. விளம்பரத்தை எடுத்துட்டு, அது தீபாவளி வரிசையே இல்லை என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. நாடு வேற, பண்டிகை வேற, ஆனால் கணக்கு அதே கணக்கு. சீசன் நடுவில் சத்தம், உடனே பின்வாங்கல்.

கடைகள் கண்டுபிடிச்ச வழிகள்

இப்போ விளம்பரங்களைக் கவனிச்சால் நாலு உத்தி தெரியும்.

ஒன்று, குடையும் பொருளும் தனித்தனி. சீசனுக்கு 'ஹாலிடே' ஆஃபர், மரத்துக்குக் 'கிறிஸ்துமஸ் மரம்', மெழுகுவர்த்தித் தாங்கிக்கு 'ஹனுக்கா மெனோரா'. பொருளுக்கு உள்ள பேரை அப்படியே சொல்றது. லோவ்ஸ் மாட்டினது இதை மீறினபோதுதான்.

இரண்டு, தேதி பார்த்து வாழ்த்து. ஹனுக்கா அன்னிக்கு ஹனுக்கா வாழ்த்து, டிசம்பர் 25க்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து. அச்சடிச்ச தாளில் கஷ்டம், ஆப்பில் சுலபம்.

மூன்று, வாழ்த்தே இல்லாமல் 'ஜாய்', 'கிஃப்ட்' என்று பொதுவாகப் போட்டுட்டு, சிவப்பும் பச்சையும் பனியும் பேச விடுறது. ஆனால் ஸ்டார்பக்ஸ் கதை பார்த்தீங்கல்ல, ஒண்ணும் சொல்லாமல் இருந்தாலும் ஏதோ சொன்னதாகத்தான் எடுத்துப்பாங்க.

நான்கு, பர்சனலைஸ் பண்றது. இங்கேதான் நம்ம வேலை வருது, ஆபத்தும் வருது. வாடிக்கையாளரோட பேரையும் வாங்கின பொருளையும் வச்சு அவர் மதத்தை ஊகிச்சு, ஆளுக்கு ஏத்த வாழ்த்து அனுப்பலாமே என்று யாராவது மீட்டிங்கில் சொல்வாங்க. டெக்னிக்கலா முடியும். ஆனால் நம்ம கிளாஸ் பேர்ப் பட்டியலையே எடுத்துப் பாருங்க. பேரை வச்சு யார் வீட்டில் என்ன கொண்டாடுவாங்க என்று உங்களால் சரியாகச் சொல்ல முடியுமா? பேர் தாத்தா வச்சது, நம்பிக்கை அவரவரோடது. மெனோரா வாங்கினவர் நண்பருக்குப் பரிசா வாங்கியிருக்கலாம். தப்பா ஊகிச்சால் அவமானம், சரியா ஊகிச்சால் அதைவிடப் பயம்: "என் மதம் இவங்களுக்கு எப்படித் தெரியும்?" ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் அமலில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையைச் சிறப்புப் பாதுகாப்பு வேண்டிய தகவலாகவே வச்சிருக்கு. பொதுவான வாழ்த்து கொஞ்சம் சப்புன்னு இருக்கலாம், ஆனால் அது யாரையும் பிரிச்சு ஒரு டேபிளில் ஏத்தலை.

இதில் மறந்துபோகிற ஒருத்தர் இருக்கார், பில் கவுண்டரில் நிற்பவர். வாழ்த்தை முடிவு பண்ணினவர் தலைமை அலுவலகத்தில் இருப்பார். "ஏன் கிறிஸ்துமஸ்னு சொல்ல மாட்டீங்களா?" என்றோ "நான் கிறிஸ்தவர் இல்லையே" என்றோ முகத்துக்கு நேரா கேட்கப்படுறது கவுண்டரில் எட்டு மணி நேரம் நின்னவர். அவர் எந்த மதம், அவர் என்ன சொல்ல விரும்புறார் என்று பெரும்பாலும் யாரும் கேட்கிறதில்லை.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைச்ச விதி ஒண்ணுதான்: பொருளுக்கு அதன் பேரைச் சொல்லுங்க, ஆளை ஊகிக்காதீங்க. மரம் கிறிஸ்துமஸ் மரம்தான், அதைச் சொல்லக் கூச்சம் வேண்டாம். ஆனால் அதை வாங்க வர்றவர் யார் என்பதை அவர்தான் சொல்லணும்.

வீட்டுப்பாடம்

அடுத்த பண்டிகைக் காலத்தில் உங்க போனுக்கு வரும் ஐந்து விளம்பரங்களை எடுத்துக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் மூணு கேள்வி. இந்த வாழ்த்து யாரை மனசில் வச்சு எழுதப்பட்டது? இதைப் பார்த்து யார் சத்தம் போடுவாங்க, யார் சும்மா இருந்துடுவாங்க? இது என்னைப் பற்றி எதையாவது ஊகிச்சிருக்கா?

விடைகளை ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க. நல்ல விடைகள் அடுத்த இதழில் வரும். அதுவரைக்கும், உங்க வீட்டில் எது கொண்டாடினாலும், எதுவும் கொண்டாடாவிட்டாலும், நல்லா இருங்க!